காற்றைக் கணக்குப் போட்ட பிரின்சிபால்



மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டு வந்தபோது, கவிதை எழுத வராது என்ற ஒரே தகுதியில் எனக்கு அறிவியல் பக்கம் ஒதுக்கப்பட்டது. விஞ்ஞானி வாழ்க்கை வரலாறு என்றால் நியூட்டன், ஐன்ஸ்டீன், சர் சி.வி.ராமன் என்று வருஷா வருஷம் வருகிற அதே வரிசைதான். இந்த வருஷம் கொஞ்சம் மாற்றிப் பார்க்கலாமே என்று, நம்ம காலேஜ் மாதிரி ஒரு டெக்னிக்கல் காலேஜில் பதினோரு வருஷம் பிரின்சிபாலாக இருந்த ஒருவரைத் தேர்ந்தெடுத்தேன். பெயர் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன். 1881-இல் பிறந்து 1953-இல் மறைந்த ஆங்கிலேயர்.

வானிலைத் துறையில் இருப்பவர்களிடம் இந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், தனி மரியாதை கிடைக்கும். தினமும் டி.வி.யில் நாளைக்கு மழை உண்டா இல்லையா என்று சொல்கிறார்களே, அதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு முறைக்கு வழி காட்டியவர் இவர். அது மட்டுமா? உலகின் ஏதோ ஒரு மூலையில் ஒரு நாடு ரகசியமாக அணுகுண்டு வெடித்துப் பார்த்தால், காற்றில் மிதந்து வரும் துளியூண்டு எச்சத்தைப் பிடித்து, அது எங்கிருந்து கிளம்பியது என்று கம்ப்யூட்டரில் கண்டுபிடிக்கிறார்கள். அந்தக் கணக்கின் வேரும் இவரிடம்தான் இருக்கிறது. இத்தனைக்கும் இவர் அணுகுண்டு பக்கமே போனதில்லை. துப்பாக்கியைத் தொட மாட்டேன் என்று சொன்ன ஆள்! அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

கடைக்குட்டி

இங்கிலாந்தின் வடக்கே நியூகாஸில் நகரில் 1881 அக்டோபர் 11-ஆம் தேதி, ஏழு பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தார் ரிச்சர்ட்சன். அப்பாவுக்குத் தோல் பதனிடும் தொழில். குடும்பம் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தது. யுத்தம் என்பதே கூடாது, எந்தக் காரணம் சொன்னாலும் மனிதனை மனிதன் கொல்லக் கூடாது என்பது அவர்கள் கொள்கை. பிற்பாடு இவர் வாழ்க்கையில் எடுத்த எல்லா முடிவுகளுக்கும் இந்த ஒரு விஷயம்தான் காரணம். அதனால் இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேம்பிரிட்ஜில் படித்து 1903-இல் வெளியே வந்தார். அதற்கப்புறம் பத்து வருஷம் ஒரே இடத்தில் நிற்கவில்லை. தேசிய பௌதிக ஆய்வுக்கூடம், வேல்ஸில் ஒரு கல்லூரி, ஒரு பீட் கம்பெனி, ஒரு பல்பு கம்பெனி, மான்செஸ்டரில் ஒரு டெக்னிக்கல் காலேஜ்... நம்ம சீனியர்கள் கம்பெனி மாறுவதைப் பார்த்து வீட்டில் திட்டுகிறார்கள் அல்லவா? அவர்களிடம் இந்தப் பட்டியலைக் காட்டலாம்!

அந்தப் பீட் கம்பெனியில்தான் விஷயம் ஆரம்பிக்கிறது. பீட் என்பது சதுப்பு நிலத்தில் செடிகொடி மக்கி உண்டாகும் மண். காய வைத்து அடுப்பெரிக்கலாம். ஈரச் சதுப்பில் வாய்க்கால் எப்படி வெட்டினால் தண்ணீர் சரியாக வடியும் என்று கணக்கிட வேண்டியிருந்தது. சமன்பாடு ரெடி. ஆனால் நிலத்தின் எல்லை கோணல் மாணல். எந்த ஃபார்முலாவுக்கும் அடங்க மாட்டேன் என்கிறது. ரிச்சர்ட்சன் என்ன செய்தார் தெரியுமா? நிலத்தைக் கிராஃப் தாள் மாதிரிச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்தார். ஒவ்வொரு கட்டத்துக்கும் வெறும் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் மட்டும் போட்டு, பக்கத்துக் கட்டத்தோடு பொருத்திக்கொண்டே போனார். துல்லியமான விடை வராது, ஆனால் வேலைக்கு ஆகிற விடை வரும். இதே முறையில் ஓர் அணைக்கட்டின் உள்ளே ஏற்படும் அழுத்தங்களைக் கணக்கிட்டு 1910-இல் வெளியிட்டார். சிவில் படிக்கிற நாங்கள் இன்றைக்கு ஸாஃப்ட்வேரில் ஒரு பட்டனைத் தட்டிப் பார்ப்பதை, அவர் பள்ளிக்கூடப் பையன்களை உட்கார வைத்து, போட்ட கணக்குக்கு இத்தனை காசு என்று கூலி கொடுத்துச் செய்தார்!

1909-இல் டோரதி என்பவரை மணந்தார். சொந்தப் பிள்ளைகள் இல்லை. மூன்று குழந்தைகளைத் தத்தெடுத்து வளர்த்தார்கள்.

1912 ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கியதே, அந்தச் செய்தி வந்த சில நாளிலேயே, ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்டுப் பனிப்பாறையைக் கண்டுபிடிக்கும் முறைக்கு இவர் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். முதலில் காற்றில், அடுத்த மாதம் தண்ணீருக்கு அடியில். இந்த ஆள் சும்மா இருக்கத் தெரியாதவர் என்பதற்கு இது ஒரு சாம்பிள்.

வைக்கோல் மேல் ஓர் ஆபீஸ்

1913-இல் பிரிட்டிஷ் வானிலைத் துறையில் சேர்ந்தார். ஸ்காட்லாந்தில் எஸ்க்டேல்முயர் என்ற தனிமையான இடத்தில் இருந்த ஆய்வு நிலையத்துக்குத் தலைவர். அங்கேதான் அந்த யோசனை வந்தது. நிலத்தைக் கட்டம் போட்ட மாதிரி வானத்தையும் கட்டம் போட்டால் என்ன? ஒவ்வொரு கட்டத்திலும் இப்போது காற்றழுத்தம் இவ்வளவு, வெப்பம் இவ்வளவு, ஈரம் இவ்வளவு, காற்று இந்தத் திசை என்று தெரிந்தால், பௌதிக விதிகளை வைத்து அடுத்த சில மணி நேரத்தில் என்ன ஆகும் என்று போட்டுவிடலாமே?

நடுவில் முதல் உலகப் போர் வந்துவிட்டது. இவர் வேலையை விட்டுவிட்டு 1916-இல் குவேக்கர்களின் ஆம்புலன்ஸ் படையில் டிரைவராகச் சேர்ந்து பிரான்சுக்குப் போனார். ஆயுதம் எடுக்க மாட்டேன், ஆனால் அடிபட்டவனைத் தூக்கிக்கொண்டு வருவேன் என்பது அவர் நிலை. ஷெல் விழுகிற ரோட்டில் வண்டி ஓட்டினார். ஓய்வு நேரத்தில், குளிரில், வைக்கோல் குவியல் மேல் உட்கார்ந்துகொண்டு கணக்குப் போட்டார்.

1910 மே 20-ஆம் தேதி காலை 7 மணிக்கு ஐரோப்பாவில் எடுத்த அளவுகளை வைத்து, அதிலிருந்து ஆறு மணி நேரத்தில் மத்திய ஐரோப்பாவில் ஓர் இடத்தில் என்ன நடந்திருக்க வேண்டும் என்று கையால் கணக்கிட்டார். ஆறு மணி நேர வானிலைக்கு ஏறக்குறைய ஆறு வாரம் உழைப்பு! விடை என்ன வந்தது? காற்றழுத்தம் 145 மில்லிபார் மாறும் என்று வந்தது. நிஜத்தில் அன்றைக்கு அழுத்தம் அப்படியே இருந்தது. பெரும் புயலில்கூட ஆறு மணி நேரத்தில் அவ்வளவு மாற்றம் வராது. சுத்தமாகத் தப்பு.

போதாததற்கு, 1917-இல் ஷாம்பெய்ன் சண்டையின்போது பாதுகாப்புக்காகப் பின்னால் அனுப்பிய கையெழுத்துப் பிரதி தொலைந்தே போய்விட்டது. சில மாதம் கழித்து பெல்ஜியத்தில் ஒரு நிலக்கரிக் குவியலுக்கு அடியிலிருந்து கிடைத்தது என்றால் நம்புவீர்களா? நடந்தது.

வேறு யாராவது என்றால் தப்பான கணக்கைக் கிழித்துப் போட்டிருப்பார்கள். ரிச்சர்ட்சன் அந்தத் தப்பான விடையையும் சேர்த்து 1922-இல் புத்தகமாக வெளியிட்டார். ஒளிவு மறைவு இல்லை. தவறு முறையில் இல்லை, ஆரம்பத்தில் கொடுத்த காற்று அளவுகளில்தான் என்று அவர் நினைத்தார். பல பத்தாண்டுகள் கழித்து, அதே தினத்தின் அதே அளவுகளை ஒழுங்குபடுத்திக் கொடுத்தபோது அவருடைய முறையே நியாயமான விடை தந்தது என்று நிரூபித்தார்கள்.

அந்தப் புத்தகத்தில் ஒரு கற்பனையும் உண்டு. உருண்டையான ஒரு பிரம்மாண்ட அரங்கம். சுவரெல்லாம் உலக வரைபடம். 64,000 பேர் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு பகுதியின் வானிலையைக் கணக்கிடுகிறார்கள். நடுவில் மேடையில் ஒருவர் நின்று, முந்துகிறவர்கள் மேல் ஒரு நிற வெளிச்சமும் பிந்துகிறவர்கள் மேல் வேறு நிற வெளிச்சமும் அடித்து எல்லோரையும் ஒரே வேகத்தில் கொண்டுபோகிறார். கம்ப்யூட்டர் டிப்பார்ட்மென்ட் நண்பர்களே, நீங்கள் பேரலல் பிராசஸிங் என்று படிப்பது இதுதானே? மின்னணுக் கம்ப்யூட்டர் பிறப்பதற்கு இருபது வருஷத்துக்கு மேல் முன்னாலேயே!

ஊதுபத்திப் புகை எப்படிப் பரவும்?

ஹைட்ராலிக்ஸ் லேபில் ரெனால்ட்ஸ் பரிசோதனை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கண்ணாடிக் குழாயில் சாயம் முதலில் நூல் பிடித்த மாதிரி நேராகப் போகும். வால்வைத் திறந்து வேகத்தைக் கூட்டினால் ஒரு கட்டத்தில் நூல் கலைந்து சுழன்று குழாய் முழுக்கப் பரவிவிடும். காற்று மண்டலம் முழுக்கவே இப்படித்தான். பெரிய சுழல், அதற்குள் சின்னச் சுழல், அதற்குள் இன்னும் சின்னது.

1926-இல் ரிச்சர்ட்சன் இதற்கு ஒரு விதியைக் கண்டுபிடித்தார். இரண்டு தூசிகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன என்று வையுங்கள். பெரிய சுழல் வந்தால் இரண்டையும் ஒன்றாகத் தூக்கிக்கொண்டு போகும், பிரிக்காது. சின்னச் சுழல்தான் பிரிக்கும். அதனால் மெதுவாகத்தான் பிரியும். பிரிந்து தூரம் கூடக் கூட, இன்னும் பெரிய சுழல்களும் பிரிக்கும் வேலைக்கு வந்து சேரும். பிரிகிற வேகம் அதிகமாகிக்கொண்டே போகும். பரவலைக் குறிக்கும் எண், இடைவெளியின் 4/3 அடுக்கில் கூடுகிறது என்றார் அவர். அதாவது இடைவெளி 8 மடங்கானால் அந்த எண் 16 மடங்கு. ஊதுபத்திப் புகையிலிருந்து புயல் வரைக்கும் பொருந்தும் ஒரே விதி! இதற்காகத் தகவல் திரட்ட அவர் பயன்படுத்தியவற்றில், விழாக்களில் பறக்கவிட்ட விளையாட்டு பலூன்கள் எங்கெங்கே போய் விழுந்தன என்ற கணக்கும் உண்டு. அப்படி 86 கிலோமீட்டர் வரை பார்த்தார்.

ரிச்சர்ட்சன் எண் என்று ஒன்றும் உண்டு. கீழே குளிர்ந்து மேலே சூடாக இருக்கும் காற்று அடுக்கு அடுக்காக அமைதியாக இருக்கப் பார்க்கும். மேலே வேகமும் கீழே மெதுவுமாக வீசும் காற்று அதைப் புரட்டப் பார்க்கும். இந்த இழுபறியில் யார் ஜெயிப்பார்கள் என்று சொல்வதுதான் அந்த எண்.

விட்டுக் கொடுத்தது

இப்போது கதையின் முக்கியமான இடத்துக்கு வருகிறோம். போர் முடிந்து வானிலைத் துறைக்கே திரும்பியிருந்தார். அந்தத் துறையை அரசாங்கம் விமான அமைச்சகத்தின் கீழே கொண்டு போனது. விமானப் படையும் அதே அமைச்சகத்தில்தான். 1920-இல் ரிச்சர்ட்சன் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டார். பிடித்த வேலை, பிடித்த ஆராய்ச்சி, பேரும் வளர்ந்துவரும் நேரம். குடும்பமும் இருக்கிறது. இருந்தும் வேண்டாம் என்றார். லண்டனில் ஓர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பாடம் நடத்தப் போனார்.

அங்கிருந்தபடியே காற்று ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். 1926-இல் ராயல் சொசைட்டி உறுப்பினராகவும் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் அதிலும் நிம்மதி கிடைக்கலை. காற்றில் புகை எப்படிப் பரவும் என்ற அவருடைய கணக்கு, விஷ வாயு எப்படிப் பரவும் என்று யோசிப்பவர்களுக்கு வேண்டியிருந்தது. இது தெரிய வந்ததும் வெளியிடாமல் வைத்திருந்த ஆராய்ச்சிக் குறிப்புகளை அழித்துவிட்டு அந்தத் துறையிலிருந்தே விலகினார் என்று அவர் மனைவி பின்னாளில் சொல்லியிருக்கிறார். போர்முனையில் ஆம்புலன்ஸ் ஓட்டியவர் அல்லவா? யுத்தம் ஒரு மனித உடம்பை என்ன பாடு படுத்தும் என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இதை முதலில் படித்தபோது எனக்கு ஒரு கேள்வி வந்தது. அவர் விலகியதால் விஷ வாயு தயாரிப்பு நின்றுவிட்டதா? இல்லை. அப்புறம் எதற்கு இத்தனை பெரிய தியாகம்? யோசித்துப் பார்த்ததில் எனக்குத் தோன்றுவது இது: உலகத்தை நிறுத்துவது அவர் கையில் இல்லை, தன் கையை நிறுத்துவது அவர் கையில் இருந்தது. அதைச் செய்தார். அதோடு நிற்கவில்லை. காற்றுக்குப் போட்ட கணக்கை யுத்தத்துக்கே போட்டால் என்ன என்று கிளம்பினார்!

நாற்பது வயசுக்கு மேல் மனோதத்துவம் படித்து 1929-இல் அதில் ஒரு பட்டம் வாங்கினார். அதே வருஷம் ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லி டெக்னிக்கல் காலேஜுக்குப் பிரின்சிபாலானார். பகலில் காலேஜ் நிர்வாகம், பாடம். மிச்ச நேரத்தில், நாடுகள் ஏன் சண்டை போடுகின்றன என்ற ஆராய்ச்சி. எதிரி ஆயுதம் சேர்த்தால் நாமும் சேர்க்கிறோம். நாம் சேர்ப்பதைப் பார்த்து அவன் இன்னும் சேர்க்கிறான். செலவு தாங்காமல் கொஞ்சம் அடங்குகிறோம். பழைய பகை உசுப்பிவிடுகிறது. இந்த மூன்றையும் சமன்பாடாக எழுதினால் ஆயுதப் போட்டி எப்போது அடங்கும், எப்போது கட்டுமீறும் என்று பார்க்கலாம் என்றார். நடந்த யுத்தங்களை, செத்தவர்களின் எண்ணிக்கையை வைத்து, பூகம்பத்தை அளப்பது மாதிரி வரிசைப்படுத்தினார்.

1940-இல் இந்த வேலைக்காகவே முன்கூட்டி ஓய்வு வாங்கிக்கொண்டார். வருமானம் குறைந்தது. அந்த ஆராய்ச்சிகள் அடங்கிய இரண்டு பெரிய புத்தகங்கள் அவர் இறந்து ஏழு வருஷம் கழித்து, 1960-இல்தான் முறையாக அச்சாகி வந்தன. இரண்டு நாடுகளின் பொது எல்லைக்கு இரண்டு நாட்டுப் புத்தகத்திலும் வேறு வேறு நீளம் போட்டிருக்கிறதே என்று அவர் நடுவில் கவனித்த ஒரு விஷயம், பின்னாளில் மாண்டல்பிராட்டின் ஃப்ராக்டல் கணிதத்துக்கு ஒரு தூண்டுதலானது. அது ஒரு தனிக் கட்டுரைக்கு ஆகும்.

1948-இல், அறுபது வயசைத் தாண்டிய பின்னால், அமெரிக்காவிலிருந்து வந்த ஸ்டோமெல் என்ற இளைஞரோடு ஸ்காட்லாந்தின் கடற்கழி ஒன்றில் பார்ஸ்னிப் துண்டுகளை இரண்டிரண்டாகத் தூக்கிப் போட்டு, அவை எப்படிப் பிரிகின்றன என்று பார்த்தார். பார்ஸ்னிப் என்பது கேரட் மாதிரி ஒரு வெள்ளைக் கிழங்கு. ஏறக்குறைய தண்ணீரில் அமிழ்ந்தபடியே மிதக்கும், அதனால் காற்று அதைத் தள்ளாது. தண்ணீர் மட்டும்தான் நகர்த்தும். விட்டுப்போன பழைய காதல் அவரை விடவில்லை பாருங்கள்!

வடிகட்டித் தாளில் சிக்கிய குண்டு

அதற்கு அடுத்த வருஷம் நடந்ததுதான் நம்ம கதையின் திருப்பம். 1949 ஆகஸ்ட் 29-ஆம் தேதி சோவியத் யூனியன் கஜகஸ்தானின் செமிபலாடின்ஸ்க் பகுதியில் தன் முதல் அணுகுண்டை வெடித்துப் பார்த்தது. யாருக்கும் சொல்லவில்லை. செப்டம்பர் 3-ஆம் தேதி ஜப்பானிலிருந்து அலாஸ்காவுக்குப் பறந்த ஓர் அமெரிக்க வானிலை விமானத்தின் வடிகட்டித் தாளில் கதிரியக்கத் தூசி சிக்கியது. வேதியியல் நிபுணர்கள் அது அணுப் பிளவில் பிறந்த தூசிதான் என்று உறுதி செய்து, எப்போது பிறந்தது என்றும் கணக்கிட்டார்கள். வானிலை நிபுணர்கள் காற்றின் பாதையைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போய் சோவியத் நாட்டின் ஆசியப் பகுதியில் நிறுத்தினார்கள். செப்டம்பர் 23-ஆம் தேதி ஜனாதிபதி ட்ரூமன் உலகத்துக்கு அறிவித்தார்.

அன்றைக்கு அவர்கள் செய்தது கையால் வரைந்த பாதைகள். அதற்குக் கம்ப்யூட்டர் வரவேண்டியிருந்தது. அதுவும் சீக்கிரமே வந்தது. 1950-இல் அமெரிக்காவில் சார்னி, வான் நியூமன் குழுவினர் எனியாக் என்ற கம்ப்யூட்டரில் முதல்முறையாக வானிலையைக் கணக்கிட்டார்கள். 24 மணி நேர வானிலையைப் போட ஏறக்குறைய 24 மணி நேரமே ஆனது. முடிவுகளைச் சார்னி, ரிச்சர்ட்சனுக்கு அனுப்பி வைத்தார். கிழவர் படித்துப் பார்த்துப் பாராட்டி எழுதினார். வைக்கோல் மேல் போட்ட கணக்கு வீண் போகவில்லை என்று தெரிந்துகொண்டுதான் 1953 செப்டம்பர் 30-ஆம் தேதி, ஸ்காட்லாந்தில் கில்மன் என்ற ஊரில் கண்ணை மூடினார்.

அவர் பார்க்காத மிச்சக் கதை

1996 செப்டம்பர் 24-ஆம் தேதி, எந்த வகையான அணுகுண்டுச் சோதனையும் கூடாது என்ற ஒப்பந்தம் கையெழுத்துக்குத் திறக்கப்பட்டது. சுருக்கமாக சி.டி.பி.டி. என்பார்கள். குறிப்பிட்ட 44 நாடுகள் எல்லாமே ஏற்றால்தான் அமலுக்கு வரும் என்பது விதி. நம்ம நாடு உட்படச் சில நாடுகள் கையெழுத்துப் போடவில்லை. கையெழுத்துப் போட்டும் உறுதி செய்யாதவை சில. ரஷ்யா 2023-இல் தன் ஒப்புதலைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆகவே ஒப்பந்தம் இன்னும் அமலுக்கு வரவில்லை. ஆனால் கண்காணிப்பு வேலை மட்டும் நடந்துகொண்டே இருக்கிறது. வியன்னாவைத் தலைமையாகக் கொண்டு உலகம் முழுக்க 337 கண்காணிப்பு இடங்கள் என்பது திட்டம். நில அதிர்வு, கடல் ஒலி, காதுக்குக் கேட்காத காற்று ஒலி இவற்றோடு, காற்றில் கதிரியக்கத்தைத் தேடும் 80 நிலையங்கள்.

அந்த நிலையத்தில் என்ன நடக்கிறது? ஒரு பெரிய ப்ளோயர் மணிக்குக் குறைந்தது 500 கன மீட்டர் காற்றை ஒரு நாள் முழுக்க வடிகட்டித் தாள் வழியாக இழுக்கும். அடுத்து ஒரு நாள் தாளைச் சும்மா வைப்பார்கள், இயற்கையாகவே காற்றில் இருக்கும் குறுகிய ஆயுள் கதிரியக்கம் அடங்குவதற்காக. மூன்றாவது நாள் ஜெர்மானியம் டிடெக்டரில் வைத்து, என்னென்ன ஐசோடோப்பு என்று அளப்பார்கள். பூமிக்கு அடியில் வெடித்தால் தூசி வெளியே வராது, ஆனால் செனான் என்ற மந்த வாயு எதோடும் ஒட்டாததால் பாறை இடுக்கு வழியாகக் கசியும். அதைப் பிடிக்கத் தனிக் கருவி உண்டு.

பிடித்தாச்சு, சரி. எங்கிருந்து வந்தது? இங்கேதான் நம்ம பிரின்சிபால் உள்ளே வருகிறார். கம்ப்யூட்டரில் காற்று மண்டலம் முழுக்கக் கட்டம் கட்டமாக இருக்கிறது, அவர் போட்ட அதே மாதிரிக் கட்டம். அந்த நிலையத்தின் இடத்தில் லட்சக்கணக்கான கற்பனைத் துகள்களை விட்டு, காலத்தைப் பின்னோக்கி ஓட்டுவார்கள். ஒவ்வொரு துகளும் அன்றைய காற்றின் திசையில் திரும்பிப் போகும். சுழல்களின் பங்குக்காக ஒவ்வொன்றையும் கொஞ்சம் தாறுமாறாகவும் தள்ளிவிடுவார்கள். தரைக்கு மேல் எந்த உயரம் வரை காற்று கலந்து புரள்கிறது என்று முடிவு செய்ய, இதற்குப் பயன்படும் ஃப்ளெக்ஸ்பார்ட் என்ற புரோகிராமில் ரிச்சர்ட்சன் எண்ணே உட்கார்ந்திருக்கிறது! சுமார் இரண்டு வாரம் பின்னோக்கி ஓட்டியபின், எந்தக் கட்டத்தில் துகள்கள் அதிக நேரம் தங்கின என்று எண்ணினால் சந்தேகப் பகுதி தெரியும். அந்தப் பகுதியும் நில அதிர்வுமானி காட்டிய இடமும் ஒத்துப்போனால்? மாட்டிக்கிட்டான்!

நடந்த ஒரு கேஸ் சொல்கிறேன். 2006 அக்டோபர் 9-ஆம் தேதி வட கொரியா பூமிக்கு அடியில் ஒரு சிறிய குண்டை வெடித்தது. நில அதிர்வு பதிவானது. ஆனால் அதிர்வை மட்டும் வைத்து அணுகுண்டா, மலையளவு வெடிமருந்தா என்று சத்தியம் செய்ய முடியாது. இரண்டு வாரம் கழித்து, சுமார் 7,500 கிலோமீட்டர் தள்ளி, கனடாவின் யெல்லோநைஃப் நிலையத்தில் செனான்-133 வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தெரிந்தது. அதன் அரை ஆயுள் 5 நாளுக்குக் கொஞ்சம் மேல். ஆக, கிளம்பியதில் ஆறில் ஒரு பங்குதான் சிதையாமல் மிஞ்சியிருக்கும், அதுவும் அரை உலகத்துக் காற்றில் கரைந்து.

இதில் இன்னொரு சிக்கல். மருத்துவத்துக்கு ஐசோடோப்பு தயாரிக்கும் ஆலைகளும் இதே செனானை வெளியே விடுகின்றன. அப்போது கனடாவிலேயே சாக் ரிவர் என்ற இடத்தில் அப்படி ஓர் ஆலை இயங்கியது. அதன் செனான் அந்தத் தேதிகளில் எவ்வளவு யெல்லோநைஃபுக்கு வந்திருக்கும் என்றும் கணக்கிட்டார்கள். அது போதவில்லை. வட கொரியாவிலிருந்து கசிவு கிளம்பியதாக வைத்து ஓட்டியபோது பொருந்தியது. நோயாளிக்கு மருந்து செய்கிற ஆலைக்கும் குண்டு வெடிக்கிற சுரங்கத்துக்கும் வித்தியாசம் சொல்ல, அந்தக் காற்றுக் கணக்கு இல்லாமல் முடிந்திருக்காது.

எல்லா முறையும் இப்படி அமைவதில்லை. 2013 பிப்ரவரி 12-ஆம் தேதி நடந்த சோதனையின் செனான், ஏழு வாரத்துக்கு மேல் கழித்துத்தான் ஜப்பானின் தகாசாகி நிலையத்தில் தெரிந்தது. கசியாமலே இருந்தால் எந்தக் கம்ப்யூட்டரும் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் மாட்டிக்கொள்வோம் என்ற பயம் இருக்கிறதே, அதுவே பாதிக் காவல்.

நமக்கு என்ன?

நண்பர்களே, நாளைக்கே நாமும் டிப்ளமோவைக் கையில் வைத்துக்கொண்டு இன்டர்வியூவுக்கு நிற்கப் போகிறோம். வேலை கிடைப்பதே பெரிய பாடு, இதில் மனசாட்சியாவது மண்ணாங்கட்டியாவது என்று உங்களில் சிலர் முணுமுணுப்பது எனக்குக் கேட்கிறது. நியாயம்தான். எல்லோரும் ராஜினாமா எழுத வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. ரிச்சர்ட்சனுக்கும் சம்பளம் தேவைப்பட்டது. அதனால்தான் காலேஜில் பாடம் எடுத்தார்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். புகை எப்படிப் பரவும் என்ற அதே கணக்கு, விஷ வாயு வீசவும் உதவும், திருட்டுத்தனமாகக் குண்டு வெடிப்பவனைப் பிடிக்கவும் உதவும். 1949-இல் அந்தத் தூசியைத் தேடிப் பறந்ததே ராணுவ விமானம்தான். கணக்குக்கு நல்லது கெட்டது தெரியாது. அதைப் போடுகிற ஆளுக்குத் தெரிய வேண்டும். நாம் வரையும் டிராயிங், நாம் எழுதும் புரோகிராம், நாம் கலக்கும் காங்கிரீட் எங்கே போய்ச் சேருகிறது என்று கேட்கிற பழக்கம் நமக்கு இருக்கிறதா? அந்தக் கேள்வியைக் கேட்க பி.எச்டி. வேண்டாம். டிப்ளமோ போதும்.

தன் விடை தப்பு என்று தெரிந்தும் அதை மறைக்காமல் அச்சில் போட்ட நேர்மையும், தன் கணக்கு கொலைக்குப் போகிறது என்று தெரிந்ததும் கையை எடுத்துக்கொண்ட துணிச்சலும் ஒரே மனிதரிடம் இருந்தன. இன்றைக்கும் எங்கோ ஒரு பனிப் பிரதேசத்தில் ஒரு ப்ளோயர் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் தாளில் நேற்று எதுவும் சிக்காமல் இருந்திருந்தால், அதுதான் ரிச்சர்ட்சன் ஆசைப்பட்ட விடை.